பாதிப் பாலம் கிடையாது

பாதிப் பாலம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. "ஏன் இல்லை ஸார், எங்க ஏரியாவுல ஆறு வருஷமா நிக்குதே" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அது கட்டி முடிக்காத பாலம். நான் சொல்வது கணக்குப்படி பாதி. ஓர் ஊருக்கு 2.37 டன் சர்க்கரை அனுப்பலாம். 0.37 பாலம் அனுப்ப முடியாது. கட்டினால் 1, கட்டாவிட்டால் 0. நடுவே ஒன்றும் கிடையாது.

இந்தச் சாதாரண சமாசாரம் கம்ப்யூட்டர்களை எழுபது வருஷமாகப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? எந்த ரோடு போடலாம், எதை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற அல்காரிதங்கள் பல உண்டு. அவற்றில் எது உசத்தி என்று ஒரு பட்டிமன்றமும் ஓயாமல் நடக்கிறது. நடுவர் தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். பேப்பர், பேனா வேண்டாம். பொறுமை மட்டும் கொஞ்சம் போதும்.

★

முதலில் க்யூ.

ரயில்வே ஸ்டேஷனில் நாலு கவுண்ட்டர் திறந்திருக்கிறது. முதலில் வந்தவர்கள் முதல் கவுண்ட்டரில் மொய்ப்பார்கள். பின்னால் வருகிறவர், "அங்கே ஆள் கம்மி" என்று மூன்றாவதுக்குத் தாவுவார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். சற்று நேரத்தில் நாலு க்யூவும் ஏறக்குறைய ஒரே நீளம். யாரும் மைக்கில் உத்தரவு போடவில்லை. அவரவர் சுயநலமே நாலையும் சமன் செய்துவிட்டது. இனி எங்கே தாவினாலும் லாபமில்லை.

இதையே ரோடுகளுக்கு 1952-ல் சொன்னவர் வார்ட்ராப். பிரிட்டனில் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஜனங்கள் உபயோகிக்கும் பாதைகள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே நேரம்தான் ஆகும். உபயோகிக்காத பாதையில் போனால் அதே நேரமோ, கூடவோதான் ஆகும் என்றார். ரொம்பச் சின்ன வாக்கியம். இன்றைக்கும் பெரிய நகரங்களின் ரோடுத் திட்டங்கள் பலவற்றின் அடியில் இந்த வாக்கியம்தான் உட்கார்ந்திருக்கிறது.

காலையில் எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று ஒரு பட்டியல். ஊரின் ரோடு மேப் ஒன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரோட்டிலும் எத்தனை வண்டி ஓடும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பெயர் ட்ராஃபிக் அஸைன்மென்ட்.

"என்ன பிரமாதம், எல்லாரையும் குறுக்கு வழியில் அனுப்பினால் போச்சு" என்பீர்கள். எல்லாரும் போனால் அது குறுக்கு வழியாக இருக்குமா? அமெரிக்காவின் சாலைத் துறை 1964-ல் ஒரு சூத்திரம் கொடுத்தது. இன்னமும் பல இடங்களில் புழங்குகிறது. அதன்படி, காலியாக இருந்தால் 10 நிமிஷம் ஆகும் ரோட்டில் கொள்ளளவு நிறைய வண்டி வந்தால் 11.5 நிமிஷம். அதைப்போல் இரண்டு மடங்கு வந்தால்? 23 என்று சொல்லத் தோன்றும். இல்லை, 34 நிமிஷம். வண்டி இரட்டிப்பானதற்கு அவஸ்தை மூன்று மடங்கு.

ஆக, நேரம் தெரிந்தால்தான் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். வண்டி தெரிந்தால்தான் நேரம் தெரியும். வேலை கிடைத்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பொறுப்பு, பொறுப்பு வந்தால்தான் வேலை என்கிற மாதிரி.

★

இந்த முடிச்சை அவிழ்த்தது 1956-ல் வந்த ஒரு புத்தகம். பெக்மன், மெக்குவயர், வின்ஸ்டன் என்று மூன்று பேர் சேர்ந்து எழுதியது. வார்ட்ராப் சொன்ன சமநிலையை ஒரு வாணலி மாதிரி பாவிக்கலாம் என்று காட்டினார்கள். வாணலியில் ஒரு கோலிக்குண்டைப் போடுங்கள். எந்த ஓரத்தில் போட்டாலும் உருண்டு நடுப்பள்ளத்துக்குத்தான் வரும். அந்த அடிமட்டப் புள்ளிதான் விடை. பள்ளம் ஒன்றே ஒன்று. அதனால் வழி தெரியாமல் அலைய வேண்டியதில்லை. சரிவில் இறங்கிக்கொண்டே இருந்தால் போதும்.

எப்படி இறங்குவது? அதே 1956-ல் மார்கரீட் ஃப்ராங்க், ஃபிலிப் உல்ஃப் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். அவர்கள் ரோட்டை நினைத்துச் சொல்லவில்லை. பிற்பாடு ரோட்டுக்காரர்கள் அதை வாரிக்கொண்டார்கள். செய்முறை சமையல் குறிப்பு மாதிரி சுலபம். இப்போதைய நெரிசலில் எது குறைந்த நேரப் பாதையோ அதில் எல்லாரையும் அனுப்பிப் பார். அது படு நெரிசலாகும். ஆகையால் பழைய ஏற்பாட்டில் கொஞ்சம், புது ஏற்பாட்டில் கொஞ்சம் எடுத்துக் கலந்துகொள். எவ்வளவு கலப்பது என்பதையும் கணக்கே சொல்லிவிடும். மறுபடி குறைந்த நேரப் பாதை பார். மறுபடி கலக்கு.

1975-ல் லெப்ளாங்க், மோர்லாக், பியர்ஸ்கல்லா என்ற மூவர் இந்த முறையை ரோட்டுக்குச் செய்து காட்டினார்கள். சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட ஊர் ஸூ ஃபால்ஸ். அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது. 2020 சென்சஸ்படி ஜனத்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ரோடு-கணக்கு ஆராய்ச்சிக்காரர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் அவர்களுக்கு இந்த ஊர் அத்துப்படி. 24 சந்திப்புகள், 76 ரோடுத் துண்டுகள் கொண்ட அந்த மேப்பில் இன்றுவரை புதுப்புது அல்காரிதங்களை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். நிஜ ஊருக்கும் அந்த மேப்புக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை என்பது வேறு விஷயம். கணக்குப் புத்தகத்தில் ஒருவர் 60 தர்பூசணி வாங்கிப் போவாரே, அந்த மாதிரி ஊர்.

★

ஃப்ராங்க்-உல்ஃப் முறையில் ஒரு பேஜார். முதல் பத்து இருபது சுற்றில் மளமளவென்று இறங்கும். அடிமட்டம் நெருங்கினதும் இங்கும் அங்குமாகத் தள்ளாடும். புதிதாக கார் ஓட்டுகிறவரை ஷெட்டில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். வாசல்வரை ஜோராக வருவார். அதற்கப்புறம் முன்னால் அரை அடி, பின்னால் அரை அடி, மறுபடி முன்னால்... மனைவி இறங்கி, உள்ளே போய், காபி போட்டுவிடுவாள்.

"கிட்டத்தட்ட வந்தாச்சுல்ல, போதும்" என்று என்ஜினீயர்கள் நிறுத்திவிடுவதுதான் வழக்கம். எவ்வளவு கிட்டத்தட்ட? அதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சொல்லும் நெரிசலை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் மிகக் குறைந்த நேரப் பாதைக்கு மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நேரத்தில் எத்தனை சதவிகிதம் மிச்சமாகும்? அதுதான் இடைவெளி. பூஜ்யம் என்றால் சமநிலை. 5 சதவிகிதம் என்றால் இன்னும் நிறையப் பேர் தப்பான க்யூவில் நிற்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"சில சதவிகிதம் முன்னே பின்னே இருந்தால் என்ன ஸார் குடி முழுகிப் போகும்?"

முழுகும். டேவிட் பாய்ஸ், ரலேவிக்-டெகிக், பார்-கெரா ஆகிய மூவர் 2004-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றியுள்ள பிரதேசம் முழுவதற்குமான மேப். அதில், நியூ ஜெர்ஸி பக்கம் இரண்டு நெடுஞ்சாலைகளை இணைக்க இரண்டு சரிவுப் பாதைகள் போடுவதாக ஒரு யோசனை. போட்டால் எந்த ரோட்டில் எவ்வளவு வண்டி மாறும் என்று பார்த்தார்கள். செய்ய வேண்டியது சுலபம்: போடாத நிலைக்கு ஒரு கணக்கு, போட்ட நிலைக்கு ஒரு கணக்கு, இரண்டையும் கழி.

கணக்கைச் சீக்கிரம் நிறுத்தினால் என்ன ஆகிறது தெரியுமா? புதுப் பாதைக்கு ஸ்நானப்பிராப்தி கூட இல்லாத தூரத்து ரோடுகளிலெல்லாம் வண்டிகள் கூடுவதும் குறைவதுமாகத் தெரிகிறது. அது புதுப் பாதையின் மகிமை இல்லை, முடிக்காத கணக்கின் தள்ளாட்டம். எடை மெஷின் ஐந்து கிலோ முன்னே பின்னே காட்டும் என்றால், ஒரு கிலோ இளைத்தோமா என்று அதில் ஏறிப் பார்த்துப் பிரயோஜனம் உண்டா? இடைவெளி 0.01 சதவிகிதத்துக்கு இறங்கினால்தான் இந்த வித்தியாசங்களை நம்பலாம் என்று முடித்தார்கள்.

ஒரு பிரதேசத்தின் மொத்த நெரிசலில் ஒற்றைப் பாலத்தின் லாபம் என்பது சாம்பாரில் பெருங்காயம் அளவு. கணக்கின் பிசகு அதைவிடப் பெரிதாக இருந்தால், கோடிகளைக் கொட்டுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிசகுதான் தீர்மானிக்கும்.

அதனால்தான் புது அல்காரிதங்கள் பிறந்தன. 2002-ல் பார்-கெரா ஒன்று, 2006-ல் ராபர்ட் டயல் ஒன்று, 2010-ல் மறுபடி பார்-கெரா இன்னொன்று கொண்டுவந்தார்கள். சூட்சுமம் இதுதான்: ஃப்ராங்க்-உல்ஃப் ஒரு ரோட்டில் மொத்தம் எத்தனை வண்டி என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். புதியவை, அந்த வண்டிகள் எங்கிருந்து கிளம்பியவை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. ஆகவே ஊர் முழுவதையும் கலக்க வேண்டியதில்லை. ஓர் இடத்தில் பிரிந்து இன்னோர் இடத்தில் சேரும் இரண்டு வழிகளை எடுத்துக்கொண்டு, நீளும் வழியிலிருந்து மற்றதற்குத் தேவையான வண்டிகளை மட்டும் நகர்த்தினால் ஆயிற்று. ஞாபகத்துக்கு இடம் அதிகம் வேண்டும். ஆனால் ஃப்ராங்க்-உல்ஃப் தள்ளாடிக்கொண்டே நிற்கும் இடத்தைத் தாண்டி, தசம புள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள் வரும்வரை போய்விடுகின்றன.

ஆக, முதல் சுற்றில் தீர்ப்பு: உத்தேசமாகப் பார்க்க ஃப்ராங்க்-உல்ஃப். இரண்டு திட்டங்களை ஒப்பிடப் புதியவை.

★

இனிமேல்தான் பாதிப் பாலம்.

இதுவரை ரோடுகள் இருந்தபடி இருந்தன, வண்டிகள் மட்டும் ஓடின. இப்போது கமிஷனர் மேஜையில் 30 திட்டங்கள் இருக்கின்றன. எதெதைக் கட்டலாம் என்பது கேள்வி. ஒவ்வொன்றும் 0 அல்லது 1. பத்துத் திட்டம் என்றால் 1,024 விதம். இருபது என்றால் பத்து லட்சத்துக்கு மேல். முப்பது என்றால் 107 கோடி விதம். ஒவ்வொரு விதத்துக்கும் மேலே சொன்ன சமநிலைக் கணக்கை முழுசாகப் போட வேண்டும். ஒன்றுக்கு ஒரு விநாடி என்றாலும் 34 வருஷம். கமிஷனர் ரிடையராகி, பென்ஷன் வாங்கி, பேரன் அதே ஆபீஸில் சேர்ந்திருப்பான்.

இங்கே வாணலி கிடையாது. முட்டை அடுக்கும் அட்டை மாதிரி ஆயிரம் குழிகள். கோலிக்குண்டு எந்தக் குழியில் விழுந்தாலும் "இதுதான் அடிமட்டம்" என்று உட்கார்ந்துகொள்ளும்.

போதாக்குறைக்கு டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மன் கணித மேதை 1968-ல் ஒரு குண்டைப் போட்டார். புது ரோடு போட்டால் எல்லாருக்கும் நேரம் கூடலாம் என்றார்.

பாடப் புத்தகங்களில் வரும் உதாரணம் இது. 4,000 கார்கள் காலையில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகின்றன. இரண்டு வழி. ஒவ்வொன்றிலும் ஒரு குறுகல் ரோடு, ஓர் அகல ரோடு. குறுகலில் கார்களின் எண்ணிக்கையை நூறால் வகுத்தால் வருவது நிமிஷம். அகலத்தில் எப்போதும் 45 நிமிஷம். முதல் வழியில் குறுகல் முன்னால், அகலம் பின்னால். இரண்டாவதில் நேர்மாறு. ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து போகிறார்கள். 20-ம் 45-ம் 65 நிமிஷம்.

நடுவில் இரண்டையும் இணைத்து ஒரு மேம்பாலம் கட்டுகிறார்கள். கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்வோம். ரிப்பன் வெட்டியாயிற்று. இப்போது குறுகல், பாலம், மறுபடி குறுகல் என்று போகலாம். முதலில் போனவருக்குக் கொண்டாட்டம்: ஏறக்குறைய 40 நிமிஷம். மறுநாள் எல்லாரும் வருகிறார்கள். 4,000 காரும் முதல் குறுகலில்: 40 நிமிஷம். அதே 4,000 காரும் அடுத்த குறுகலில்: இன்னொரு 40. மொத்தம் 80. பழைய வழிக்குத் திரும்பலாமே என்றால், தனியாகத் திரும்புகிறவருக்கு 85. ஆகவே ஒருவரும் அசைய மாட்டார்கள். பணம் செலவழித்து ஆளுக்குக் கால் மணி நேரம் வாங்கியாயிற்று.

சர்வாதிகாரி ஒருவர் சந்தியில் நின்று "நீ இப்படிப் போ, நீ அப்படிப் போ" என்று 500 கார்களை மட்டும் பாலத்தில் விட்டால், சராசரி 65-லிருந்து சுமார் 19 விநாடி குறையும். அவ்வளவுதான் அந்தப் பாலத்தின் உண்மையான உபகாரம்.

"இதெல்லாம் பேப்பரில்தானே?" என்றால், ஸோல் நகரத்தைச் சொல்லலாம். செயோங்கேசியோன் ஓடையை மூடி மேலே போட்டிருந்த உயர்த்தப்பட்ட நெடுஞ்சாலையை 2003-ல் இடிக்க ஆரம்பித்து, 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஊர் ஸ்தம்பித்துவிடும் என்று பயந்தார்கள், ஸ்தம்பிக்கவில்லை. ஆனால் 2004-ல் பஸ் ஏற்பாட்டையே தலைகீழாக மாற்றியும் அமைத்தார்கள். ஆகவே முழுப் புகழையும் பிரேஸுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

★

சரி, இந்த முட்டை அட்டையில் எப்படித் தேடுவது? இங்கே இரண்டு கட்சிகள்.

முதல் கட்சி, புடவைக் கடை சாமர்த்தியக்காரர்கள். ஒரு புடவையை 800 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்குகிறீர்கள். மலிவா, ஏமாற்றா? பத்துக் கடை ஏறினாலும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் "இந்த ரகத்துக்கு நெசவுக்கூலி, பட்டு எல்லாம் சேர்த்து 750-க்குக் கீழே எந்த ஜென்மத்திலும் வராது" என்று விஷயம் தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டால், நஷ்டம் அதிகம் போனால் 50 ரூபாய் என்று நிம்மதியாகத் தூங்கலாம். விடையைவிட அந்த 750-ஐக் கண்டுபிடிப்பதில்தான் இவர்கள் சாமர்த்தியம்.

லெப்ளாங்க் 1975-ல் ரோடுத் திட்டங்களுக்கு இதைத்தான் செய்தார். பிரேஸ் புண்ணியத்தில், "எல்லா ரோட்டையும் கட்டினால் வரும் நேரம்தான் மிகக் குறைவு" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தியில் அந்தச் சர்வாதிகாரி நின்றால் சொல்லலாம். அவர் ஆட்சியில் புது ரோடு ஒருபோதும் கெடுதல் செய்யாது. ஆகவே இன்னும் முடிவாகாத ரோடுகள் எல்லாவற்றையும் கட்டிவிட்டதாகவும், சர்வாதிகாரி வண்டிகளை ஓட்டுவதாகவும் வைத்துக் கணக்குப் போட்டால் வருவது 750. கையில் இருக்கும் திட்டம் அதைவிடக் குறைவாகவே இருந்தால், அந்தக் கிளையில் இருக்கும் லட்சக்கணக்கான விதங்களைப் பார்க்காமலேயே வெட்டிப் போடலாம். தொல்லை என்னவென்றால், திட்டங்கள் கூடக்கூட வெட்டியும் மாளாது.

இரண்டாவது கட்சி, "நிச்சயம் வேண்டாம், நல்லதாக ஒன்று கிடைத்தால் போதும்" என்பவர்கள். 1975-ல் ஜான் ஹாலண்ட், விடைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாம் என்றார். 10110 என்று ஒரு திட்டம், 01101 என்று இன்னொன்று. இதில் பாதி, அதில் பாதி; குழந்தைகளில் தேறாதவற்றைத் தள்ளிவிடு. 1983-ல் கிர்க்பாட்ரிக்கும் நண்பர்களும் கொல்லன் பட்டறையைக் கொண்டுவந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை மெதுவாக ஆறவிடுவது போல, ஆரம்பத்தில் மோசமான விடைக்கும் தாவ அனுமதி. ஆற ஆற அனுமதி குறையும். குழியில் மாட்டிக்கொள்ளாமல் எகிறிக் குதிக்க இது உதவும்.

அதற்கப்புறம் ஒரு மிருகக்காட்சிசாலையே வந்துவிட்டது. எறும்பு அல்காரிதம், குயில் அல்காரிதம், வௌவால், சாம்பல் ஓநாய், 2016-ல் திமிங்கலம் வரை. பெயர்தான் புதுசு, உள்ளே பல சமயம் பழைய சரக்கே என்று கென்னத் ஸோரென்ஸென் 2015-ல் ஒரு கட்டுரையில் காய்ச்சி எடுத்தார்.

இவற்றில் எது உசத்தி? 1997-ல் வோல்பர்ட், மெக்ரெடி இருவரும் ஒரு தேற்றத்தை நிரூபித்தார்கள். அதன் பெயரே 'ஓசிச் சாப்பாடு கிடையாது'. எல்லாவிதமான கணக்குகளையும் சேர்த்துச் சராசரி போட்டால், தேடும் அல்காரிதங்கள் அத்தனையும் சமம். ஒரு கணக்கில் ஜெயிப்பது இன்னொன்றில் கோட்டை விடும். ஸூ ஃபால்ஸில் ஓநாய் முதலில் வந்தது என்பதால் உங்கள் ஊரிலும் வரும் என்று அர்த்தமில்லை.

★

தீர்ப்புக்கு வருவோம். எது வேகம் என்பது இரண்டாம்பட்சம். தன் விடை அதிகபட்சம் எவ்வளவு பிசகு என்று தானே சொல்லும் அல்காரிதத்துக்குத்தான் என் ஓட்டு. சமநிலைக் கணக்கில் அது இடைவெளி சதவிகிதம். பாலக் கணக்கில் அது அந்த 750. ஓநாயிடமும் திமிங்கலத்திடமும் இல்லாதது அதுதான். அவை கொண்டுவரும் விடை அற்புதமாக இருக்கலாம். எவ்வளவு அற்புதம் என்று அவற்றுக்கே தெரியாது. பெரிய ஊருக்கு வேறு வழியில்லாமல் ஓநாயைத்தான் ஏவ வேண்டும் என்றால், ஏவட்டும். கூடவே ஒரு 750-ஐயும் யாராவது கணக்குப் போட்டு வைக்கட்டும்.

ஏனென்றால் தப்பாக நட்ட செடியைப் பிடுங்கி நடலாம். பாலம் அப்படியில்லை. அதற்காக வீட்டைக் காலி செய்து கொடுத்தவர் திரும்பி வர முடியாது. அந்தத் தெருவில் டீக்கடை வைத்திருந்தவருக்கு "மன்னிக்கவும், இடைவெளி 5 சதவிகிதம் இருந்துவிட்டது" என்று கடிதம் போட முடியாது.

அடுத்த தடவை யாராவது வண்ணப் படங்களோடு வந்து "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு ஸார்" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கை எந்த இடைவெளியில் நிறுத்தினீர்கள்? கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே துல்லியத்தில் போட்டுப் பார்த்தீர்களா? இதைவிட நல்ல திட்டம் இருந்தால், அதிகபட்சம் எவ்வளவு நல்லதாக இருக்க முடியும்?

மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர் "நான் இவ்வளவு தூரம் தப்பாக இருக்கலாம்" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். அவரை நம்பலாம். மாப்பிள்ளை பார்க்கும்போதும் இதே விதிதான்.